வழிகாட்டி வேலையிலிருந்து என்னை விடுவிக்க வேண்டி

பேரன்புக்கும் பெருங்குரலுக்கும் உரிய மாமா அவர்களுக்கு,

உங்கள் அக்கா மகன் எழுதிக்கொள்வது. இங்கே நான், அம்மா, அப்பா மூவரும் உயிரோடு இருக்கிறோம்; ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்கிறோமா என்பதைப் பின்னால் சொல்கிறேன். அங்கே உங்கள் உடல்நலமும் அத்தையின் பொறுமையும் குறைவில்லாமல் இருக்கும் என்று நம்புகிறேன். இதையெல்லாம் கைப்பேசியிலேயே அனுப்பியிருக்கலாம். ஆனால் நான் எவ்வளவு நீளமாக எழுதினாலும் நீங்கள் முதல் வரியைப் படித்துவிட்டு ஒரு கட்டைவிரல் படத்தை அனுப்பிவிடுகிறீர்கள். போன மாதம் எனக்குக் காய்ச்சல் என்று எழுதியதற்கும் அதே கட்டைவிரல்தான் வந்தது. ஆகவே காகிதம். காகிதத்துக்குக் கட்டைவிரல் காட்டினாலும் அது எனக்குத் தெரியப்போவதில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் கல்லூரியில் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு மூத்த மாணவர்களையே வழிகாட்டிகளாகப் போடுகிறார்கள், நீ அதில் கட்டாயம் பெயர் கொடுக்க வேண்டும் என்று என் உயிரை வாங்கியது நீங்கள்தான். மறந்திருப்பீர்கள், நினைவுபடுத்துகிறேன். "டேய், சும்மா போய் உக்காந்து சிரிச்சிட்டு வா. கடைசில ஒரு சர்டிபிகேட் குடுப்பாங்க. நாளைக்கு நீ வேலைக்குப் போனா நீ வாயே தொறக்க வேணாம், அது பேசும்" என்றீர்கள். ஓர் இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் இவ்வளவு சுலபம் என்று சொன்னால் அடியில் பொடி எழுத்தில் ஏதாவது இருக்கும் என்று எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. இது கிடைத்த கையோடு எங்கள் பயிற்சி மேடத்துக்கு நீங்கள் ஒரு கடிதம் எழுத வேண்டும். என் மருமகனுக்குக் குடும்பப் பொறுப்புகள் கூடிவிட்டன, அவனை இந்த வேலையிலிருந்து விடுவித்துவிடுங்கள் என்று. என்ன பொறுப்பு என்பதை நீங்களே யோசித்து எழுதிக்கொள்ளுங்கள். நம்பும்படி எழுதுவது உங்களுக்குப் புதிதா என்ன?

ஏன் என்கிறீர்களா? முதலில் பயிற்சி. ஒரு பெரிய அறை, ஏசி ஒன்று, அதை அணைக்கும் ரிமோட் எங்கே என்று யாருக்கும் தெரியாது. நாங்கள் பத்திருபது பேர் விறைத்துப்போய் வட்டமாக உட்கார்ந்திருந்தோம். நடுவில் மேடம், கையில் ஒரு சின்ன மணி. யாராவது தவறாகப் பேசினால் அந்த மணியை அடிப்பார். எது தவறு என்றால், அறிவுரை சொல்வது தவறு. "உங்ககிட்ட ஒருத்தர் கஷ்டத்தைச் சொன்னா, நீங்க தீர்வு சொல்லக் கூடாது. கேக்கணும். கேட்டதை உங்க வார்த்தையில திருப்பிச் சொல்லணும். அவங்களே தீர்வைக் கண்டுபிடிச்சிடுவாங்க" என்றார். மாமா, நம் குடும்பத்தில் இதுவரை யாருமே செய்யாத காரியம் இது. நாம் கேட்கிற சாதி இல்லை, சொல்கிற சாதி. நான் வாயைத் திறந்த போதெல்லாம் மணி அடித்தது. ஒரு கட்டத்தில் பக்கத்து வகுப்புப் பிள்ளைகள் இடைவேளை விட்டுவிட்டதாக நினைத்து வெளியே வந்துவிட்டார்கள்.

அப்புறம் ஜோடி ஜோடியாகப் பிரித்தார். ஒருவன் ஏதாவது ஒரு கஷ்டத்தைக் கற்பனையாகச் சொல்ல வேண்டும், மற்றவன் கேட்க வேண்டும். எனக்கு வாய்த்தவன் எங்கள் வாலிபால் அணித் தலைவன். அவனுடைய ஒரு கை என் இரண்டு கால்களுக்குச் சமம். தலைமுடி கொட்டுகிறது என்று சொல்லப்போவதாக முன்கூட்டியே என்னிடம் ரகசியமாகச் சொன்னான். நானும் தயாராக இருந்தேன். "முடி கொட்டுது" என்றான். "முடி கொட்டறது உனக்கு வருத்தமா இருக்கு" என்றேன். மணி அடிக்கவில்லை. எனக்குத் தைரியம் வந்தது. "அந்த வருத்தத்தை இதுவரைக்கும் நீ யார்கிட்டயும் சொல்லல" என்று ஒரு போடு போட்டேன். அவ்வளவுதான். அவன் முகம் கோணியது, உதடு துடித்தது, ஆறடிக்கு மேல் இருக்கும் அந்த உருவம் என் தோளில் சாய்ந்து விசும்பி விசும்பி அழ ஆரம்பித்துவிட்டது. கற்பனை இல்லையாம், நிஜமாகவே கொட்டுகிறதாம். மேடம் ஓடிவந்து எல்லோரையும் கைதட்டச் சொன்னார். "பார்த்தீங்களா, இதுதான் கேக்கறது!" நான் நசுங்கிக்கொண்டே சிரித்தேன். அந்தக் கைதட்டல்தான் என் தலைக்கு ஏறிவிட்டது, மாமா. என்னவோ எனக்கு ஒரு வரம் கிடைத்துவிட்டது போல நினைத்துக்கொண்டேன்.

வரத்தை வீட்டில் சோதித்தேன். அம்மா சமையலறையில் அப்பாவைப் பற்றி ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள். "குளிச்சிட்டு வந்தா பாத்ரூம் லைட்டை அணைக்கறதே இல்ல" என்றார்கள். "அப்பா லைட்டை அணைக்காம வர்றது உங்களுக்கு மரியாதைக் குறைவா தோணுது" என்றேன். அம்மா என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்கள். பிறகு அடுப்பை அணைத்தார்கள். ஒரு முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு எதிரில் உட்கார்ந்தார்கள். கல்யாணமான நாளிலிருந்து தொடங்கினார்கள், மாமா. நான் நடுவில் எழுந்திருக்க முடியாது, அது பயிற்சிக்கு விரோதம். அன்று மதியம் யாருக்கும் சாப்பாடு இல்லை. அப்பா வந்து வாசற்படியில் நின்று பார்த்துவிட்டு, "என்னடா நடக்குது இங்க? எனக்கு எதிரா சாட்சி சேக்கறியா?" என்றார். நான் பயிற்சியை விடாமல், "நான் சாட்சி சேக்கறேன்னு நீங்க பயப்படறீங்க" என்றேன். அன்றிலிருந்து அப்பா என்னோடு பேசுவதில்லை. அம்மா அப்பாவோடு பேசுவதில்லை. என்னைக் கண்டால் மட்டும் அம்மா முக்காலியை இழுக்கிறார்கள்.

இப்படியாகப் பயிற்சி முடிந்து என்னிடம் ஐந்து பிள்ளைகளை ஒப்படைத்தார்கள். அதில் மூன்று பேர் தங்கள் பாட்டைத் தாங்களே பார்த்துக்கொண்டார்கள், கடவுள் அவர்களை நன்றாக வைக்கட்டும். நான்காவது ஒரு பெண். வெயிலோ மழையோ, கட்டிடத்துக்குள்ளேயோ வெளியேயோ, கையில் ஒரு நீளக் குடை இல்லாமல் அவளைப் பார்க்க முடியாது. பேசும்போது அந்தக் குடையால்தான் சுட்டிக் காட்டுவாள். அதனால் அவளுக்குக் குடை என்றே பெயர் வந்துவிட்டது, அவளும் அதற்குத் திரும்பிப் பார்க்கிறாள். ஐந்தாவது ஒரு பையன். என்ன சொன்னாலும் தலையாட்டுவான், புன்னகைப்பான், பதில் வராது. மற்றவர்கள் அவனுக்கு 'மகாராஜா' என்று பெயர் வைத்திருந்தார்கள். கூப்பிட்டால் திரும்ப மாட்டானாம், பெரிய இடத்துப் பிள்ளை என்ற நினைப்பாம்.

முதல் வேலை, கல்லூரியைச் சுற்றிக் காட்டுவது. எனக்கு இந்தக் கல்லூரியில் தெரிந்தது கேன்டீனும், கேன்டீனுக்குப் போகும் இரண்டு வழிகளும். ஆனாலும் நான் உங்கள் மருமகன் அல்லவா, தெரியாது என்ற வார்த்தை வாயில் வராது. மாடியில் ஒரு மூலை அறை. பலகை ஏதும் இல்லை, உள்ளே சத்தமும் இல்லை. "இதுதான் படிக்கிற அறை. எப்ப வேணாலும் வரலாம். இங்க யாரும் உங்களைத் தொந்தரவு பண்ண மாட்டாங்க" என்று சொல்லிக் கதவைத் திறந்தேன். உள்ளே முதல்வர். கால்சட்டையை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு, இரண்டு கால்களையும் ஒரு நீல பிளாஸ்டிக் வாளி வெந்நீரில் விட்டுக்கொண்டு, கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். கண்ணைத் திறந்தார். ஐந்து பிள்ளைகளும் ஒரே குரலில், "வணக்கம் சார்" என்றார்கள். அந்த இடத்தில் ஒரு சாதாரண மனிதன் கதவைச் சாத்திவிட்டு ஓடியிருப்பான். நான் பயிற்சி பெற்றவன். "உங்க கால் ரொம்ப வலிக்குதுன்னு எனக்குப் புரியுது சார்" என்றேன். குடை மெதுவாகத் தன் குடையின் வளைந்த பிடியால் என் சட்டைக் காலரைக் கொக்கி போட்டு வெளியே இழுத்தாள்.

இதெல்லாம் கூடப் போகட்டும். அந்தப் பையன் விஷயத்துக்கு வருகிறேன். கல்லூரி தொடங்கி ஒவ்வொரு வாரமும் அவனைக் கேன்டீனில் உட்கார வைத்துப் பேசினேன். எதிரெதிரே உட்காரக் கூடாது, அது போலீஸ் விசாரணை மாதிரி இருக்கும், பக்கத்தில் உட்காருங்கள் என்று மேடம் சொல்லியிருந்தார். நான் எப்போதும் அவனுக்கு இடப்பக்கம் உட்கார்ந்து, அந்தச் சந்தைக்கடைச் சத்தத்துக்கு நடுவில், மனதை உருக்கும் குரலில் பேசினேன். "எப்படி இருக்கே? என்ன யோசிக்கறே? நான் இருக்கேன்டா உனக்கு." அவன் தலையாட்டினான், புன்னகைத்தான், டீயைக் குடித்தான். இவன் நன்றாகவே இருக்கிறான், எல்லாம் என் கைராசி என்று நினைத்துக்கொண்டேன்.

போன வாரம் ஒரு நாள் காலையில் நான் கல்லூரிக்குள் நுழையும்போது அவன் வெளியே போய்க்கொண்டிருந்தான். கையில் பெரிய பெட்டி. வாசலுக்கு எதிரிலேயே பஸ் நிறுத்தம். "எங்கடா?" என்றேன். "அண்ணா, நான் வீட்டுக்குப் போறேன். இனிமே வர மாட்டேன்" என்றான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கையைப் பிடித்து இழுத்து நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் காதுக்குள் மணி அடிக்கிற மாதிரி இருந்தது. "நீ வீட்டுக்குப் போகணும்னு நினைக்கிற" என்றேன். "ஆமாண்ணா." "இங்க இருக்க வேணாம்னு உனக்குத் தோணுது." "அதான் சொன்னேனேண்ணா." "அதைச் சொல்லிட்டதால உனக்கு இப்ப..." அதற்குள் பஸ் வந்துவிட்டது. அவர்களுடைய முடிவை மதிக்க வேண்டும் என்பது பயிற்சியின் கடைசிப் பாடம். மதித்தேன். பெட்டியை நானே தூக்கிக்கொண்டு பஸ்ஸில் ஏறினேன். அவனை ஜன்னலோரம் உட்கார வைத்தேன். பெட்டியை மேலே திணித்துவிட்டு, கடைசியாக ஒரு முறை மனம் விட்டுப் பேச வைப்போம் என்று வழக்கம்போல இடப்பக்கம் உட்கார்ந்தேன். அவசரப்பட்டு வாயைத் திறக்காமல், மேடம் சொன்ன மாதிரி கண்ணை மூடி, மூச்சை இழுத்து, மனதுக்குள் எண்ணினேன். எண்ணி முடித்துக் கண்ணைத் திறந்தால் கல்லூரியைக் காணோம்.

அது எக்ஸ்பிரஸ் பஸ், மாமா. கண்டக்டரிடம் போய்க் கெஞ்சினேன். "எக்ஸ்பிரஸ் தம்பி, நடுவுல எங்கயும் நிக்காது. ஏறும்போது கண்ணு எங்க இருந்துச்சு?" என்றார். மூடியிருந்தது என்று எப்படிச் சொல்வது? மதியம் எனக்கு லேப் தேர்வு. அதைத் தவறவிட்டால் அப்பா என்னோடு மறுபடி பேச ஆரம்பித்துவிடுவார், அது இன்னும் மோசம். இடம் தெரியாமல் நடுப்பாதையில் நின்று, "ஐயோ, இப்ப என்ன பண்றது, இப்ப என்ன பண்றது" என்று புலம்பினேன். அப்போதுதான் அந்தப் பையன் என் முகத்தைப் பார்த்தான். எழுந்தான். நேராக டிரைவரிடம் போனான். அன்று காலை வரை நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசாதவன், பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னான்: "அண்ணே, எங்க அண்ணனுக்கு வயிறு சரியில்ல. இன்னும் கொஞ்ச நேரம்கூடத் தாங்காதுன்னு நினைக்கிறேன். சீட்டெல்லாம் புதுசு மாதிரி இருக்கு, அதனாலதான் சொல்றேன்."

டிரைவர் பிரேக்கை மிதித்த மிதியில் முன்வரிசை ஆட்கள் எல்லோரும் எழுந்து நின்றார்கள். நான் இறங்கினேன். திரும்பிப் பார்த்தால் அவனும் பெட்டியோடு இறங்கி நிற்கிறான். பஸ் போய்விட்டது. இரண்டு பக்கமும் வெறும் ரோடு.

"நீ ஏன்டா இறங்கினே?" என்றேன்.

அவன் என் வாயையே பார்த்துவிட்டுச் சொன்னான்: "உங்களைப் பார்த்தா தனியா வீடு போய்ச் சேருவீங்கன்னு தோணலண்ணா."

மாமா, வழிகாட்டி யார், வழி தெரியாதவன் யார் என்பதை அந்த ரோட்டில் நின்றவர்களிடம் கேட்டிருந்தால் சரியாகச் சொல்லியிருப்பார்கள். நல்லவேளை, யாரும் இல்லை. கடைசியில் அவன்தான் எங்கள் கல்லூரிப் பக்கம் போகிற ஒரு லாரியைக் கை காட்டி நிறுத்தினான். லாரி நிறைய சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலிகள், ஏதோ பெரிய கூட்டத்துக்குப் போகிறது. முன்னால் இடமில்லை. பின்னால் ஏறி, அடுக்குக்கு நடுவில் இரண்டு நாற்காலிகளை உருவிப் போட்டு, கேட்பதற்கு ஆளில்லாத மேடையில் தலைமை தாங்குகிறவர்கள் போல உட்கார்ந்தோம். இடநெருக்கடியில் நான் இந்த முறை அவனுக்கு வலப்பக்கம் மாட்டிக்கொண்டேன்.

பயிற்சியெல்லாம் மறந்துபோயிருந்தது. "எனக்குப் பசிக்குதுடா" என்றேன், சும்மா, எனக்கு நானே சொல்லிக்கொள்கிற மாதிரி. "பெட்டியில பிஸ்கட் இருக்குண்ணா" என்றான். "என்ன பிஸ்கட்?" "உப்பு பிஸ்கட்." "எனக்கு இனிப்புதான் பிடிக்கும்." "அதுவும் இருக்கு." நான் சொல்கிற ஒவ்வொன்றுக்கும் டக் டக்கென்று பதில் வருகிறது. எனக்கு ஆத்திரமாக வந்தது. "ஏன்டா, இத்தனை வாரமா நான் தொண்டை கிழியப் பேசினேன், அப்பல்லாம் பொம்மை மாதிரி தலையாட்டினே, இப்ப மட்டும் எப்படிடா பேச்சு வருது?"

"இப்பதாண்ணா நீங்க பேசறது கேக்குது" என்றான்.

சிறுவயதிலிருந்தே அவனுக்கு இடக் காது கேட்காதாம். அமைதியான இடம் என்றால் வலக் காதை வைத்துச் சமாளித்துவிடுவானாம். சத்தத்துக்கு நடுவில், இடப்பக்கம் உட்கார்ந்து யாராவது பேசினால் ஒன்றும் விளங்காதாம். நான் செய்தது அத்தனையும் அதுதான். "அப்போ நான் இத்தனை நாள் சொன்னது?" என்றேன். "நல்ல மனுஷன்னு உங்க முகத்துல தெரிஞ்சுதுண்ணா. ஏதோ நல்லதாத்தான் சொல்றீங்கன்னு தலையாட்டினேன்" என்றான். எனக்கு அந்த லாரியிலிருந்து குதித்துவிடலாம் போல இருந்தது.

வகுப்பில் முதல் நாள் ஆசிரியர் பெயரைக் கேட்டிருக்கிறார். இவன், "நல்லா இருக்கேன் சார்" என்றிருக்கிறான். வகுப்பே உருண்டு சிரித்திருக்கிறது. அப்புறம் யாரோ இடப்பக்கத்திலிருந்து கூப்பிட, இவன் திரும்பாமல் போக, மகாராஜா ஆகிவிட்டான். "ஒரு வார்த்தை சொல்ல வேண்டியதுதானேடா?" என்றேன். "சொன்னா எல்லாரும் கத்திப் பேசுவாங்கண்ணா. பாவம் பார்ப்பாங்க. ஸ்கூல்ல அப்படித்தான். அதுக்கு மகாராஜாவே பரவாயில்லன்னு இருந்தேன். ஆனா பாடம் ஒண்ணும் காதுல விழல. எதுவும் புரியாம எத்தனை நாள் உக்காந்திருக்கறது?" என்று சொல்லிவிட்டு ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் திருப்பிச் சொல்லவில்லை. பிஸ்கட்டை உடைத்துப் பாதியைக் கொடுத்தேன். அவன் என்னென்னவோ சொன்னான், நான் பேசாமல் கேட்டுக்கொண்டு வந்தேன். பேச எனக்கு எதுவும் இல்லை என்பதுதான் நிஜம்.

(இதையெல்லாம் அவன் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். "உங்க மாமாவுக்குத் தாராளமா எழுதுங்கண்ணா, அவர்தான் முதல் வரியைத் தாண்டிப் படிக்க மாட்டாரே" என்றான்.)

லேப் தேர்வு போயே போய்விட்டது. ஆனால் லாரியை விட்டு இறங்கியதும் அவன் பெட்டியோடு மறுபடி கல்லூரிக்குள்ளேயே போனான். மறுநாள் காலையில் வகுப்புக்குப் போய்ப் பார்த்தேன். இடப்பக்கச் சுவரோரம் முதல் பெஞ்சில் ஓர் இடம். அங்கே உட்கார்ந்தால் மொத்த வகுப்பும் அவனுடைய வலக் காதுப் பக்கம் வந்துவிடும். அந்த இடத்தில் குடை உட்கார்ந்திருக்கிறாள், குடையைச் சுவரில் மாட்டிக்கொண்டு. ரகசியத்தைச் சொல்லக் கூடாது, இடத்தை மட்டும் வாங்க வேண்டும். "அந்த இடத்துல காத்து வராதும்மா, உடம்புக்கு ஆகாது" என்றேன். "எனக்கு ஆகும்" என்றாள். "சுவர்ல ஈரம் இருக்கு." "தொட்டுப் பார்த்தேன், இல்ல." "அங்க உக்காந்தவங்க யாரும் உருப்பட்டதில்ல." "நீங்க எங்கண்ணா உக்காந்தீங்க?" என்றாள். நான் அடுத்த காரணத்தைத் தேடினேன். அவள் சிரித்துவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டாள். "அவனுக்குத்தானே? அந்தப் பக்கம் காது கேக்காதுன்னு எனக்கு முதல் வாரமே தெரியும். இந்தப் பக்கம் கூப்பிட்டா திரும்பறான், அந்தப் பக்கம் கூப்பிட்டா திரும்பறதில்ல."

"அடிப்பாவி, ஏன் எங்கிட்ட சொல்லல?"

"எத்தனையோ தடவை சொல்ல வந்தேன். ஒவ்வொரு தடவையும் நீங்க, மத்தவங்க பேசறதைக் கேக்கறது எவ்வளவு முக்கியம்னு சொல்லிக்கிட்டே இருந்தீங்க. நிறுத்தவே இல்ல."

அவன் இப்போது சுவரோரம் உட்காருகிறான். நேற்று ஆசிரியர் ஏதோ கேட்க, பதிலும் சொன்னானாம். அது தப்பான பதில்தானாம், ஆனால் கேட்ட கேள்விக்கு உரிய தப்பு என்று ஆசிரியரே பாராட்டினாராம்.

ஆகவே மாமா, நீங்களே யோசித்துப் பாருங்கள். கூப்பிட்ட பக்கம் திரும்பாத ஒருவனை ஒரு பெண் ஒரே வாரத்தில் கண்டுபிடிக்கிறாள். மணி அடித்து அடித்துப் பழக்கப்பட்ட நான், காதே கேட்காத பக்கம் உட்கார்ந்து வாரக்கணக்கில் உருகியிருக்கிறேன். தேர்வு போச்சு, அப்பாவோடு பேச்சு போச்சு, முதல்வர் என்னைக் கண்டால் காலை மேஜைக்கு அடியில் இழுத்துக்கொள்கிறார். எனக்கும் இந்த வேலைக்கும் ஒத்துவராது. நீங்கள் மாட்டிவிட்டீர்கள், நீங்களே கழற்றிவிடுங்கள். கடிதம் உடனே புறப்பட வேண்டும். அத்தைக்கு என் அன்பு. அத்தை பேச ஆரம்பித்தால் நடுவில் குறுக்கிடாதீர்கள், ஒரு முறை முயன்று பாருங்கள், நாற்காலி நல்லதாகப் பார்த்துப் போட்டுக்கொள்ளுங்கள். ஆசிகளை நீளமாகவும் அறிவுரைகளைச் சுருக்கமாகவும் அனுப்பி வைக்கவும்.

தங்கள் பணிவுள்ள, பணிவு தீர்ந்துபோகும் நிலையில் உள்ள,
மருமகன்

பின்குறிப்பு: உறையில் போடுவதற்கு முன் கல்லூரிக்குப் போய்வந்தேன். அறிவிப்புப் பலகையில் வழிகாட்டிகளின் புதுப் பட்டியல், அதில் என் பெயர் இல்லை. முதலாண்டு மாணவனைச் சொல்லாமல் கொள்ளாமல் பஸ்ஸில் கூட்டிப்போனதற்காக முதல்வரே என் பெயரை அடித்துவிட்டாராம். கேட்டதும் எனக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும் அல்லவா? எனக்கு வந்த கோபத்தில் படியெல்லாம் எப்படி ஏறினேன் என்று தெரியாது. மேடத்திடம் கத்தினேன், முதல்வரிடம் கத்தினேன். அந்தப் பிள்ளைகளை என்னிடமிருந்து பிடுங்க இவர்கள் யார்? பின்னாலேயே ஐந்து பேரும் வந்து நின்றார்கள்; குடை முதல்வரைச் சுட்டிக் காட்டிப் பேசியதை எழுதினால் தபால்காரர் பயந்துவிடுவார். கடைசியில் முதல்வர், பொறுப்பான குடும்பப் பெரியவர் ஒருவர் நேரில் வந்து உத்தரவாதம் தந்தால் யோசிக்கலாம் என்றிருக்கிறார். அப்பாவிடம் கேட்க முடியாது, அம்மாவுக்கு பஸ் கதையே தெரியாது. ஆகவே திங்கட்கிழமை காலையில் நீங்கள் இங்கே இருக்க வேண்டும். நான் கேட்ட அந்தக் கடிதத்தைத் தயவுசெய்து எழுதிவிடாதீர்கள். மேலே உங்களைப் பற்றி நான் எழுதியிருப்பதெல்லாம் வேறு யாரோ ஒரு மாமாவைப் பற்றியது என்று எடுத்துக்கொள்ளுங்கள். கிழித்துப் போட்டுவிட்டு மரியாதையாக வேறொன்று எழுதலாம்தான். நேரமில்லை. ஐந்து பேரும் கீழே வாசலில் நின்று ஒரே கத்தல், என்னவோ புதுப் பிரச்சினையாம். என்னவென்று கேட்கப் போகிறேன்.